பித்தக்கானில் வந்த கட்டி

அண்ணையின் கண்கள் மஞ்சளாக இருப்பதை நான் முதலில் கண்டது ஒரு பஸ் தரிப்பில். முந்திய நாள் முழுக்கப் பனி கொட்டித் தீர்த்துவிட்டு, அன்று காலையில் நல்ல வெயில் எறித்தது. தரையிலிருந்து எழும்பிய வெள்ளை வெளிச்சம் அவருடைய முகத்தில் பட்டபோது, கண்ணின் வெண்மை இருக்கவேண்டிய இடம் எலுமிச்சந்தோல் நிறத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லா அறைகளிலும் மங்கலான மஞ்சள் மின்குமிழ்கள்தான். அதனால் எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, எங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கமாக ஓர் உயர்ந்த கட்டடத்தின் பதினோராம் மாடியில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாக இருந்தோம். அண்ணை எனக்குச் சொந்தக்காரர் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர், இங்கே நகரத்தின் நடுவில் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் நின்றார். மூன்றாமவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவல் வேலை. நான் பகலில் தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டுப் பின்னேரங்களில் கல்லூரிக்குப் போய்வந்தேன். மாஸ்டருக்கு ஆங்கிலம் நன்றாக எழுத வரும், பேசத்தான் கூச்சம். ஆகவே மூவரின் வாயாகவும் நான் இருந்தேன்.

அண்ணையின் மனைவியும் சின்ன மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் வந்தால் எந்த அறையை விடுவது, யார் வெளியேறுவது என்றெல்லாம் நாங்கள் சாப்பாட்டு மேசையில் பேசி முடிவெடுத்து, பிறகு அந்த முடிவை மாற்றி, மறுபடியும் முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம்.

கண் மஞ்சளாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவருக்குச் சொறிவு தொடங்கியிருந்தது. கனடாக் குளிரில் தோல் காய்ந்து எல்லோருக்கும்தான் கடிக்கும். அதனால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் தேங்காயெண்ணெய் பூசினார். மருந்துக்கடைக் களிம்பு பூசினார். சீப்பால் முதுகைச் சொறிந்தார். விடியக்காலையில் நான் எழும்பினால், தை மாதக் குளிரில் சாரமும் பெனியனுமாகப் பல்கனியில் நிற்பார். குளிர் பட்டால் கடி அடங்குகிறது என்பார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று மாஸ்டர் என்னிடம் இரகசியமாகக் கேட்டதுண்டு.

பஸ் தரிப்பில் நான் சொன்னதை அவர் முதலில் ஏற்கவில்லை. நித்திரை இல்லாத கண் அப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் உணவகத்து ஆட்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். கண் மஞ்சளித்துச் செங்கமாரி உள்ள ஆளைச் சமையலறையில் யார் விடுவார்கள்? மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டர் அன்று பின்னேரமே அண்ணையின் சாப்பாட்டுக் கோப்பையையும் குவளையையும் பிரித்து அலுமாரியில் தனித்தட்டில் வைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தொற்றிவிடும் என்று பயந்தார், அவ்வளவுதான். அண்ணை அதைக் கண்டுவிட்டு, அந்தத் தட்டிலிருந்து தன் குவளையை எடுத்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தார். செய்தி கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வெளியே முழங்காலளவு பனி. கீழ்க்காய்நெல்லிக்கு எங்கே போவது? மார்க்கம் நகரத்திலிருந்து ஒருவர் இந்தியாவில் வாங்கிய பச்சைத் தூள் ஒரு போத்தலில் கொண்டுவந்து தந்தார். அண்ணை அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு பிளாசாவில், சாமான்கடைக்கு மேல்மாடியில் இருந்தார். தமிழர். இரத்தம் எடுத்தார். தொற்றுகிற வகைச் செங்கமாரி இல்லை என்று அடுத்த கிழமை சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வைத்தியருக்கு நிம்மதி இல்லை. மலம் என்ன நிறத்தில் போகிறது என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளைக் களிமண்போல என்றார். எத்தனையோ நாளாக அப்படித்தானாம். வெட்கத்தில் எங்களிடம் சொல்லவில்லை.

"ஈரலிலை பிழையில்லை. ஈரலிலை இருந்து பித்தம் வெளியிலை போற வழிதான் அடைபட்டுக் கிடக்கு," என்றார் வைத்தியர். "என்ன அடைக்குது எண்டு பாக்க வேணும்."

கல்லாக இருக்கவேண்டும் என்று நாங்கள் மூவரும் மனதார விரும்பினோம். அதற்கு முன்பும் பின்பும் ஒரு கல்லுக்காக நான் அப்படி ஏங்கியதில்லை. ஸ்கானில் கல் இல்லை. ஈரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்கள் எல்லாம் மழைக்கால வாய்க்கால்போல விரிந்து கிடந்தன.

அதன் பிறகு நகரத்தின் நடுவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஏறி, சின்ன ரயிலில் மாறி, பிறகு சப்வேயில் மாறிப் போவோம். அங்கே வாய்வழியாக ஒரு நீண்ட குழாயை விட்டு, சிறுகுடலில் பித்தக்குழாய் திறக்கும் வாசலைத் தேடி, மருந்து செலுத்திப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டி அங்குள்ள வைத்தியர் எங்களுக்குக் காட்டினார். குருவியடிக்கிற கெட்டப்போல் செய்ய வெட்டுவோமே, அந்தக் கவர்த்தடிபோல இருந்தது. ஈரலின் இடப்பக்கத்திலிருந்து ஒரு குழாய், வலப்பக்கத்திலிருந்து ஒரு குழாய், இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கீழே இறங்குகிறது. சேருகிற அந்த இடத்தில் மருந்தின் வெள்ளைக் கோடு ஊசிபோல ஒடுங்கி, அறுந்துபோயிருந்தது.

அறைக்குள் போவதற்கு முன்பே அண்ணை என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்.

"தம்பி, அவர் சொல்லுறதை நீ குறைச்சும் சொல்லாதை, கூட்டியும் சொல்லாதை. என்ரை உடம்பு. நான் கேக்க வேணும்."

நான் ஓம் என்றிருந்தேன். ஆனால் வைத்தியர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் எடுக்கும்போது சொல்லுக்குத் தடுமாறினேன். அந்தக் குழாய்க்குள் சின்னத் தூரிகையை விட்டுச் சுரண்டிப் பார்த்தார்கள், அதில் திட்டமாக ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த நோய் மிக அரிது. தானே வருடத்தில் சிலரைத்தான் காண்பதாகச் சொன்னார்.

"இந்த இடத்திலை வாற கட்டியள் பெரும்பாலும் புற்றுநோய்தானாம் அண்ணை," என்று கடைசியில் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். படத்தில் அந்த ஒடுங்கிய இடத்தை விரலால் காட்டினார்.

"வெட்டி எடுக்கலாமோ எண்டு கேள்."

எடுக்கலாமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்லவேண்டும் என்றார் அவர். அடைப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி அனுப்பினார்கள். அது நெடுநாள் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் குழல்புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அண்ணைக்குக் குளிர்காய்ச்சல் வந்து பற்கள் அடித்தன. நான்கு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. அம்புலன்ஸில் கொண்டுபோனோம். செருகிய குழாய் அடைபட்டு, பித்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம். இந்தமுறை விலா எலும்புகளுக்கிடையில் ஊசி குத்தி, ஈரலுக்குள்ளேயே ஒரு குழாயை விட்டு, பித்தத்தை வெளியே எடுத்து ஒரு பையில் விட்டார்கள்.

அந்தப் பையோடுதான் வீட்டுக்கு வந்தார். பாசி நிறமும் தேன் நிறமும் கலந்த தண்ணீர் அதற்குள் ஊறிக்கொண்டே இருக்கும். நிறைந்ததும் வெறுமையாக்க வேண்டும். உப்புநீர் ஏற்றிக் குழாயைக் கழுவவேண்டும். வீட்டுக்கு வந்த தாதி எனக்குத்தான் பழக்கினாள். ஆனால் நான் வேலைக்கும் வகுப்புக்கும் போய்விடுவேன். பகலில் வீட்டில் நித்திரை கொள்ளும் மாஸ்டர்தான், கேட்காமலே அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். பழைய தலையணையுறையை வெட்டி, அண்ணை சட்டைக்குள் தோளில் மாட்டிக்கொள்ளத் தக்கதாக ஓர் உறை தைத்துக் கொடுத்தார். தையல் கோணல்மாணலாக இருந்தது. கோப்பைகள் எப்போது மறுபடி ஒரே தட்டுக்கு வந்தன என்று எனக்கு ஞாபகமில்லை.

பித்தம் வெளியேறத் தொடங்கியதும் சொறிவு நின்றது. அந்தக் கிழமை அண்ணை தூங்கிய தூக்கத்தை என்னால் மறக்க முடியாது. மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவர், மாஸ்டர் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தும் எழும்பவில்லை. மாஸ்டர் கிட்டப்போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

மனைவிக்குச் சொல்வதைத்தான் அவர் தள்ளிக்கொண்டே போனார். வெள்ளவத்தையில் லொட்ஜுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடைக்கு நேரம் சொல்லி எடுத்தால் மனைவி வந்து நிற்பார். சத்திரசிகிச்சை நிபுணரைக் காணப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எடுத்தோம். அண்ணை பேசினார். ஒரு சின்ன ஒப்பரேசன் என்றார். வயிற்றில் ஒரு அடைப்பு என்றார். பிறகு அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் தொலைபேசியில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, இவர் மழுப்புறார். நீங்கள் சொல்லுங்கோ. எந்த இடத்திலை அடைப்பு?"

அண்ணையைப் பார்த்தேன். சொல்லு என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"ஈரலிலை இருந்து பித்தம் வாற ஒரு குழாய் இருக்கு அக்கா. அதிலை..."

"பித்தக்கான். எந்த இடத்திலை? இடது கானும் வலது கானும் சேருற இடத்திலையோ, கீழையோ?"

அவர் ஊரில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கிழமைக்கணக்காக நான் ஆங்கிலத்திலும் கையசைவிலும் தட்டுத்தடுமாறிய உறுப்புக்கு எங்கள் மொழியில் ஒரு பெயர் இருந்தது. அதைக் கேட்டதும், ஏனென்று தெரியாது, கொஞ்சம் தைரியம் வந்தது.

"சேருற இடத்திலை அக்கா."

அந்தப் பக்கத்தில் பஸ்களின் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"அது கஷ்டமான இடம்," என்றார். "வெட்டுறதெண்டால் வெட்டட்டும். நான் சொன்னதாச் சொல்லுங்கோ. நான் அழுதனான் எண்டு சொல்லாதேங்கோ."

அவர் அழுதது எனக்குக் கேட்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண். கட்டையான உருவம், ஆண்கள் கட்டுவதுபோல் பெரிய கைக்கடிகாரம். கட்டியோடு சேர்த்துப் பித்தக்கானை, பித்தப்பையை, ஈரலின் இடப்பக்கத்தை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து மிஞ்சிய குழாயோடு தைக்கப்போவதாகச் சொன்னார். ஈரல் மறுபடி வளரும் என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது, அண்ணை என்னை நம்பாமல் இன்னொருமுறை கேட்கச் சொன்னார். திறந்து பார்த்து எடுக்க முடியாதென்றால் மூடிவிடுவேன் என்றும் அந்த அம்மா சொன்னார். அதையும் குறைக்காமல் சொன்னேன்.

ஒப்பரேசன் அன்று விடிய முதலே அண்ணையைக் கொண்டுபோய் விட்டோம். மாஸ்டர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். காத்திருக்கும் அறையில் பகல் முழுக்க இருந்தோம். மத்தியானம் மாஸ்டர் புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். வாசம் அறை முழுக்கப் பரவியது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்களுக்கு எதிரே கறுப்பு உடுப்பில் ஒரு போர்த்துக்கேய அம்மா தனியாக இருந்தார். அவருடைய கணவரும் உள்ளே இருந்தார். அது என்ன சாப்பாடு என்று கேட்டார். மாஸ்டர், ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் மாஸ்டர், அரிசிமா, தேங்காய், ஆவி என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, டப்பா மூடியில் பாதியை வைத்து நீட்டினார். அந்த அம்மா கையாலேயே சாப்பிட்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து எங்கள் இருவருக்கும் சுளை சுளையாகத் தந்தார். மாலையில் அவரை முதலில் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகையில் மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருடைய கணவருக்கு என்ன ஆனதென்று எங்களுக்குத் தெரியாது.

வெளியே இருட்டிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். நிபுணர் தொப்பியைக் கழற்றாமல் வந்து நின்றார். எடுக்கவேண்டியது முழுவதையும் எடுத்துவிட்டோம், ஓரங்களில் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிறோம் என்றார். எடுத்த கட்டியை ஆய்வுகூடத்தில் பார்த்த பிறகே மற்றதெல்லாம் சொல்லலாம்.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வரத் தாமதமானது. அண்ணை அதற்குள் கட்டிலில் எழும்பி உட்காரவும், வயிற்றுக்குத் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமவும், ஆஸ்பத்திரி தருகிற பச்சை ஜெலியை வெறுக்கவும் பழகிவிட்டார். மாஸ்டர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற வழியில் கஞ்சி கொண்டுவந்தார். மாஸ்டரின் சமையல் வாயில் வைக்க முடியாது. அண்ணை அதை முழுக்கக் குடித்தார்.

ஒரு பின்னேரம் நிபுணர் வந்தபோது, கூடவே ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியால் கட்டிகளைப் பார்க்கிற வைத்தியரையும் கூட்டிவந்தார். அப்படி அவர்கள் நோயாளியிடம் வருவது வழக்கமில்லையாம். நிபுணர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எதிர்பார்த்த புற்றுநோய் இல்லை என்றார். கார்சினொயிட் என்று ஒரு கட்டி, குடலிலும் நுரையீரலிலும் வருவது. பித்தக்கானில் வருவதை அவர் புத்தகத்தில்தான் படித்திருக்கிறாராம், கையால் தொட்டது இதுதான் முதல்தடவை. மிக மெதுவாக வளர்வது. பக்கத்து நெறிக்கட்டிகளில் பரவவில்லை. வேறு மருந்து தேவையில்லை, வருடாவருடம் பார்த்தால் போதும்.

நான் சொல்லச் சொல்ல அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உது நல்ல புற்றுநோயோ எண்டு கேள்."

கேட்டேன். நிபுணர் சிரிக்கவில்லை. நல்லது என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்த ஆளைத் தான் ஓய்வுபெறும்வரை பார்க்கவேண்டி வரும் என்று நினைப்பதாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அண்ணை தண்ணீர்க் குவளையை எடுத்து என்னிடம் தந்தார். நோயாளி எனக்குத் தண்ணீர் தந்ததை அந்த இரண்டு வைத்தியர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாட்களில் அவருடைய கட்டிலைச் சுற்றி மாணவ வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். அவருடைய படங்களை ஒரு கூட்டத்தில் காட்ட அனுமதி கேட்டார்கள். அண்ணை சம்மதித்தார். ஆனால் முகமும் வருமென்று நினைத்து, வெளிறிப்போன ஆஸ்பத்திரி உடுப்போடு வேண்டாம், நீலச் சட்டையை அயர்ன்பெட்டியால் மினுக்கிக் கொண்டுவா என்று என்னை அனுப்பினார். காட்டப்போவது ஈரலை மட்டும்தான் என்று அவர்கள் அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் நான் சட்டையோடு இரண்டு ரயில் மாறி வந்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் கொஞ்சத் தூரம் நடந்தார்.

நிபுணர் விசா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனாலோ, அல்லது முறை வந்துவிட்டதாலோ, வைகாசியில் அக்காவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மாஸ்டரும் நானும் சற்றுப் பின்னால் நின்றோம். அக்கா தள்ளுவண்டியை விட்டுவிட்டு நேராக வந்து, பெருவிரலால் அண்ணையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். மகள் தகப்பனை அடையாளம் தெரியாமல் மாஸ்டரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே கட்டடத்தில் ஆறாம் மாடியில் அவர்கள் ஒரு வீடு எடுத்தார்கள். கொஞ்சக் காலம் மாஸ்டரும் நானும் சாப்பாட்டுக்குப் படியிறங்கிப் போய்வந்தோம். பிறகு நான் கலியாணம் கட்டி மார்க்கத்துக்குப் போனேன். அண்ணை பிக்கரிங்கில் வீடு வாங்கினார். மாஸ்டர் காவல் வேலையை விட்டுவிட்டு, மறுபடி பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். போன வருடம் அவர் காலமானபோது, இறுதிச்சடங்கு மண்டபத்தில் அண்ணையும் அக்காவும்தான் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார்கள்.

என் வீட்டில் இப்போது மூன்று குளியலறைகள் இருக்கின்றன. பதினோராம் மாடியில் மூவருக்கும் ஒன்றுதான், காலையில் கதவைத் தட்டிச் சண்டைபிடிப்போம். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பட்ட பயத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் இளமைக்காலம் என்று நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது வேறெதுவுமில்லை. மாஸ்டர் அண்ணையின் பித்தம் வடிகிற பையைக் கழுவிக்கொண்டே தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்ததும், விதிகள் புரியாமல் மூவரும் தோற்கிற பக்கத்துக்காகப் பரிதாபப்பட்டதும்தான்.

நிபுணர், சொன்னபடியே, தான் ஓய்வுபெறும்வரை அண்ணையைப் பார்த்தார். இப்போது ஓர் இளம் வைத்தியர் பார்க்கிறார். ஸ்கானுக்குப் போக அண்ணைக்கு நான் தேவையில்லை, அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட வேகமாகிவிட்டது. இருந்தும் முதல் நாள் தொலைபேசியில் எடுத்து, நாளைக்கு வாறியோ என்று கேட்பார். நான் காரைப் பிக்கரிங் ஸ்டேசனில் விட்டுவிட்டு அவரோடு ரயிலேறுவேன். ஜன்னலோரம் அவருக்கு. கொஞ்சத் தூரம் போனதும் தண்டவாளம் ஏரிக்கரையோடு ஓடத் தொடங்கும். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பார். நானும் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு வருவேன்.